கதவில்லாத கம்ப்யூட்டர் காம்பரா

டீச்சர்,

போன கிழமை என் மருமகன் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் திறந்தான். பழைய இரும்பு எடுக்கிறவன் ஒருவன் எடைக்குக் கொண்டுவந்து போட்டது. திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் மேசையில் கறுப்பாய் ஏதோ கொட்டியது. "மாமா, இதென்ன, எலிப் புழுக்கையா?" என்று கேட்டான். நான் அப்போது கடை வாசலில் ஒரு பஸ் கொண்டக்டரோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே நின்றபடியே எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. தேயிலை. கடையில் பக்கெட்டில் விற்கிற தேயிலை இல்லை. தோட்டத்து ஸ்டோரில் கொழுந்தை அரைத்துச் சலித்து எல்லாம் அனுப்பின பிறகு கடைசியாகத் தரையில் கூட்டி அள்ளுகிற நாரும் தூளும். மூக்கு விஷயத்தில் கண்டி மாவட்டத்தில் என்னை அடிக்க ஆளில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று வத்தேகமையில் எந்த வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள் என்று சொல்லுவேன்.

மருமகன் அதை ஊதித் தள்ளப் பார்த்தான். "வாயை மூடுடா" என்று சத்தம் போட்டேன். அவன் பயந்துவிட்டான். நான் அந்தப் பிள்ளையிடம் சத்தம் போட்டதே கிடையாது. தூளை ஒரு காகிதத்தில் வழித்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். அப்போது முதல் உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். வாயால் பேசினால் கமலா "யாரோட?" என்று கேட்பாள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் வழக்கம்போலச் சிவப்பு மையில் சுழித்துவிடுங்கள்.

நீங்கள் எங்கள் முன் அறைக்குக் குடிவந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். யாழ்ப்பாணத்துக் கணக்கு டீச்சர், வத்தேகமைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அப்பொயின்ட்மென்ட், தங்குவதற்கு இடம் வேண்டும் என்று பேக்கரிக்காரர் கூட்டிவந்தார். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். கண்டியில் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வீடு கொடுக்க எல்லோரும் யோசிப்பார்கள். நான் யோசிக்கவே இல்லை. (கமலா யோசித்தாள். நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் அவளுக்குக் கோபம் வரும்.) உங்கள் கையில் ஒரு சூட்கேஸும், கயிறு கட்டின ஒரு கட்டுப் புத்தகமும் இருந்தன. "நான் ரேடியோ பாஸ். கண்டியில் பாடுகிற ரேடியோவில் பாதி நான் உயிர் கொடுத்தது" என்று என்னை அறிமுகப்படுத்தினேன். நீங்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அப்ப மற்றப் பாதி ஏன் அண்ணை பாடுறேல்லை?" என்று கேட்டீர்கள். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது, இந்த வீட்டில் இனிமேல் என் கதை அவ்வளவு சுலபமாக ஓடாது என்று.

ஆனாலும் நீங்கள் கேட்டீர்கள். என் கதைகளை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். கலவரத்தில் என் முதல் கடை எரிந்த கதையை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். எரிகிற கடைக்குள் பாய்ந்து, இரண்டு தோளிலும் ரேடியோக்களை அடுக்கிக்கொண்டு, நெருப்பு வேட்டியைப் பிடிக்கப் பிடிக்க மகாவலியில் குதித்து அக்கரைக்கு நீந்தின கதை. உள்ளேயிருந்து கமலா, "இவரு என் சேலைக்குள்ள தலைய வச்சுக்கிட்டு அழுதாரு டீச்சர், ஆத்துப் பக்கமே போகல" என்றாள். நீங்கள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "நீங்கள் சொல்லுறதிலை அரைவாசியை நம்புறன் அண்ணை. மற்ற அரைவாசி கேக்க நல்லாயிருக்கு" என்றீர்கள்.

கம்ப்யூட்டர் பைத்தியம் உங்களுக்கு எங்கிருந்து பிடித்தது என்று எனக்குத் தெரியாது. கொழும்பில் ஏதோ கோர்ஸ் படித்ததாகச் சொன்னீர்கள். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கரண்ட்டே கிடையாது. கூரையில் ஓட்டை. பிள்ளைகளுக்கு மேசை போதாது. அந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, எல்லாம் தெரிந்த நானே திகைத்துப்போனேன். "டீச்சர், அந்தப் பிள்ளைங்களுக்குச் செருப்பு இல்ல" என்றேன். "செருப்பு வர எல்லாரும் காத்திருக்கட்டும். இது முந்தி வரட்டும்" என்றீர்கள்.

கட்டுகஸ்தோட்டை ஹாஜியார் ஒருவர் தன் கடைக் கணக்கு எழுத வாங்கிப் பிறகு ஒதுக்கிப்போட்ட மூன்று கம்ப்யூட்டர்களை நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். நான்தான் பேசி வாங்கினேன் என்று ஊருக்குச் சொன்னேன், அது வேறு. ஆனால் கரண்ட் கொடுத்தது நான்! அதை யாரும் மறுக்க முடியாது. ஸ்டோரிலிருந்து மலைச்சரிவில் முருங்கை மரத்துக்கு மரம் வயரை இழுத்து, பழைய பிள்ளைக்காம்பராவுக்கு, அதுதான் முன்பு கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற அறை, அதற்குள் முதல் பல்பை எரியவிட்டவன் நான். இந்த மலைநாட்டிலேயே தோட்டத்துப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் ஏற்றிக் காட்டின முதல் ஆள் நான்தான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்லுவேன். ஸ்டோரில் மெஷின் சுற்றத் தொடங்கினால் இங்கே திரை சுருங்கும். பிள்ளைகள் "ரோலர் போட்டுட்டாங்க டீச்சர்!" என்று கத்துவார்கள். நீங்கள் பிடித்த வேலையை உடனே பதிந்துவைக்கச் சொல்வீர்கள்.

மூன்று மெஷினுக்கு அத்தனை பிள்ளைகள். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரிக்கிற மாதிரி, நீங்கள் வாசலில் நின்று பேர் கூப்பிட்டுப் பிரித்தீர்கள். பெற்றோருக்கு அது நன்றாக விளங்கியது. "நம்ம புள்ளைக்கு இன்னிக்கி பேர் உழுந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள். பேர் விழாத பிள்ளை அழும். நாலு பக்கமும் செக்பொயின்ட், டவுனில் எப்போது என்ன வெடிக்கும் என்று தெரியாது, தமிழ்ப் பெட்டைகளை பஸ்ஸை விட்டு இறக்கி நிறுத்திவைக்கிற காலம். அந்தக் காலத்தில் ஒரு அறைக்குள் பிள்ளைகள் ஒரு விசையைத் தட்டப் போட்டிபோட்டு அழுதார்கள்.

பிறகு மழை வந்தது. அந்த மலையில் மழை என்றால் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, தரையிலிருந்து, சுவரிலிருந்து, மூச்சிலிருந்து வரும். மூன்று மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடின. திறந்து பார்த்தால் உள்ளே பச்சையாய்ப் பூத்திருந்தது. என் கடைக்குக் கொண்டுவந்தால்தான் காயவைத்துத் திருத்தலாம். ஆனால் வேனில் கொண்டுவரும் வழியெல்லாம் மழை.

அப்போதுதான் புஷ்பம் வந்தாள். ஸ்டோரில் தூள் கூட்டுகிறவள். அவளுடைய மகள் உங்கள் வகுப்பில் இருந்தாள். இரண்டு தேயிலைப் பெட்டிகளை இழுத்துவந்து போட்டாள். உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டின பலகைப் பெட்டிகள். "தேயிலையே நனையாம லண்டன் வரைக்கும் கப்பல்ல போகுது. இது கட்டுகஸ்தோட்டைக்குப் போகாதா?" என்று கேட்டாள். மெஷின்களை உள்ளே இறக்கி, இடுக்கெல்லாம் கூட்டி அள்ளின காய்ந்த தூளைக் கொட்டி நிரப்பினாள். "தூளு ஈரத்த குடிச்சிரும் டீச்சர். நாங்க லயத்துல அரிசிப் பானைக்குப் பக்கத்துல வப்போம்." தேயிலையோடு வாழ்கிறவர்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். எங்கள் எல்லோருக்கும் அது மிக நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெட்டிக்கு மேலே இன்னும் கொஞ்சம் தூள் போட்டு ஆணி அடித்தோம்.

ஸ்டோரிலிருந்து ஒரு கை தூளை வெளியே எடுத்தாலும் களவு என்பது அவளுக்குத் தெரியும். பிடித்தால் வேலை போகும். வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். கழிவுத் தூளை ரோட்டில் ஏற்றிப் போகப் பெர்மிட் வேறு வேண்டும். பிள்ளைகளுடைய மெஷின் என்பதால் அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை.

கண்டி டவுனில் குண்டு வெடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கட்டுகஸ்தோட்டை வருவதற்கு முன்னால் இருந்த செக்பொயின்ட்டில் வேனை மறித்தார்கள். நான் ஓட்டினேன். பக்கத்தில் நீங்கள். பின்னால் புஷ்பம், அவளுக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள். சாமான் என்ன என்றான் ஒரு ஆமிக்காரன். சிங்களம் என் நாக்கில் வெண்ணெய் மாதிரி, உங்களுக்குத் தெரியும். "டீவி, மாத்தயா" என்றேன். அவன் ஆணியை நெம்பித் திறந்தான். தேயிலை. கையை உள்ளே விட்டுக் கிளறினான். கை வெளியே வரும்போது விரலில் சுற்றிக்கொண்டு வயர் வந்தது.

அவன் கத்தின கத்தில் எங்கிருந்தோ பத்துப் பேர் ஓடிவந்தார்கள். எங்களை மழையில் இறக்கிக் கையைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். பெரியவன் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு வந்தான். பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"டீவிக்கு எதுக்குத் தேயிலை?"

"தோட்டத்துத் துரையோட மாமியாருக்கு அனுப்புறது மாத்தயா. அந்த அம்மாவுக்குத் தேத்தண்ணி இல்லாம டீவி பாக்க வராது."

ஒரு ஆமிக்காரப் பொடியன் சிரித்துவிட்டான். செக்பொயின்ட்டில் ஒருவனைச் சிரிக்கவைத்தால் பாதி ரோடு தாண்டின மாதிரி. நான் அடுத்த கதைக்கு மூச்சை இழுத்தேன். ஆனால் பெரியவன் சிரிக்கவில்லை. தேயிலையைப் பெட்டிக்குள் போட்டு மறைத்தது யார் என்று கேட்டான். கேட்டபடி ஒவ்வொருவர் கையாகப் பார்த்தான். புஷ்பத்தின் நகக்கண் எல்லாம் கறுப்பு. அவள் தலையில் வைத்த கை விரல்களை மடக்கி மறைத்தாள். அவன் அவளுக்கு முன்னால் போய் நின்றான்.

உங்களுக்குச் சிங்களம் வராது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற அளவுக்குத்தான். நான் இருக்கிறேன், மொழிபெயர்த்துச் சமாளிப்பேன் என்று நினைத்து வாயைத் திறக்கிறேன், அதற்குள் நீங்கள் ஒரு அடி முன்னால் வந்து, தலையிலிருந்து ஒரு கையை எடுத்து உங்கள் நெஞ்சைத் தொட்டு, "மம" என்றீர்கள். நான் என்று அர்த்தம். அவ்வளவுதான். அவன் திரும்பினான். "மம" என்று மறுபடி சொன்னீர்கள், கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி.

உங்கள் ஐடென்டி கார்டை வாங்கிப் பார்த்தான். பிறந்த இடம் கிளிநொச்சி. எங்களுக்கு வடக்கு முழுவதும் யாழ்ப்பாணம்தான், அவனுக்கு அது புலிகளின் ஊர். அதற்குப் பிறகு என் சிங்களம் யாருக்கும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் என்றேன், பள்ளிக்கூடம் என்றேன், ஹாஜியாரைக் கேளுங்கள் என்றேன். உண்மையாகச் சொன்னவை எல்லாம் என் வாயில் பொய் மாதிரிக் கேட்டன. உங்களை ஜீப்பில் ஏற்றும்போது திரும்பி, "அண்ணை, புஷ்பத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நம்பர் குடுத்து முடிஞ்சிடும்" என்றீர்கள். கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் நகத்தைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "எனக்கு வாய் வரல அண்ணே, வாயே வரல" என்றாள்.

நீங்கள் உள்ளே இருந்த மாதங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது வெளிப்பக்கம்தான். வாசல்களில் கமலாவும் நானும் சோற்றுப் பார்சலோடு நின்றது, இங்கே இல்லை அங்கே போ என்றது, அங்கே போனால் இங்கே வந்த பெயரே இல்லை என்றது. ஒரு அலுவலகத்தில் கிளார்க்கிடம், "மந்திரிக்கு நான்தான் ரேடியோ பழுதுபார்க்கிறது, நேற்றும் போனில் பேசினார்" என்று அளந்துவிட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, "அந்த மந்திரி செத்துப்போயிட்டாரே ஐயா" என்றார். கமலா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். ரோட்டோரத்தில் அந்தப் பார்சலைப் பிரித்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவளுக்கும் எனக்கும் அன்றைக்குக் காலையிலிருந்து பட்டினி.

ஒரு மத்தியானம் நீங்கள் கடை வாசலில் நின்றீர்கள். வழக்கு இல்லை, குற்றம் இல்லை, போகலாம் என்றார்களாம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "அண்ணை, தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டீர்கள். கமலா ஓடிவந்து கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துப்போய், பஸ் புழுதி வருமே என்று வழக்கம்போல முன்கதவைச் சாத்தினாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால் உங்களைக் காணவில்லை. நீங்கள் வெளியே நடுமுற்றத்தில், வெயிலில் நின்றுகொண்டிருந்தீர்கள். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கதவு சாத்தப்படவில்லை. நீங்கள் குளிக்கும்போது கமலா குளியலறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சேலையை விரித்துப் பிடித்து நிற்பாள். உங்களுக்கு என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் சொல்லவில்லை. எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கு மேல் இரண்டு மடங்கு கட்டுகிற எனக்கு, அந்த ஒன்றுக்கு மேல் கட்ட மனம் வரவில்லை.

மெஷின்களையும் பொலிஸ் திருப்பித் தந்தது, தேயிலையோடேயே. நான் திருத்தினேன். மூன்றையும் திருத்தினேன் என்று ஊரில் சொன்னது உண்மையில்லை, ஒன்றின் சாமானை எடுத்து மற்ற இரண்டையும் ஓடவைத்தேன். எவ்வளவு ஊதியும் தூள் முழுதாகப் போகவில்லை. இந்த முறை பனி உள்ளே வரவே கூடாது என்று பிள்ளைக்காம்பராவுக்கு நானே சட்டம் போட்டேன். ஜன்னலை அடைத்தேன். புதுக்கதவு போட்டேன், காற்றுப் புகாத கதவு. கீழ் இடுக்குக்குச் சாக்கு. உள்ளே இரவும் பகலும் ஒரு பல்பு எரியவேண்டும். "இப்படி வச்சிருந்தா பத்து வருசம் ஓடும்" என்றேன். உங்களை நினைக்காமல் நான் இதைச் செய்ததில்லை டீச்சர். நீங்கள் திரும்பிப் பள்ளிக்கூடம் போகவேண்டும், போனால் மெஷின் தயாராக நிற்கவேண்டும், அந்த ஒன்றுதான் என் மண்டைக்குள் இருந்தது.

நீங்கள் திரும்பிப்போன முதல் நாள் நானும் வந்திருந்தேன். பிள்ளைகள் பேர் கூப்பிடக் காத்து நின்றார்கள். நீங்கள் கூப்பிட்டீர்கள். உள்ளே போனீர்கள். கடைசிப் பிள்ளையும் உள்ளே வந்ததும் புஷ்பம், நான் சொல்லிவைத்தபடி, கதவைச் சாத்திச் சாக்கை மிதித்துச் சொருகினாள். நான் வெளியே நின்றேன். உங்கள் குரல் பாதி வசனத்தில் நின்றது. ஒரு சின்னப் பிள்ளை, "டீச்சர், ஏன் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. புஷ்பம்தான் கதவைப் பிய்த்து எடுக்கிற மாதிரித் திறந்தாள். நீங்கள் பிள்ளைகளுக்கு நடுவால் வெளியே வந்து, தேயிலைச் செடிக்குள் இறங்கி, இரண்டு வரிசை தள்ளிப் போய்க் குந்தியிருந்தீர்கள்.

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிந்தும் யாரும் மலைக்கு ஏறவில்லை. உங்களுக்கு இது தெரியாது, நீங்கள் அன்றைக்குக் காய்ச்சலில் எங்கள் வீட்டில் படுத்திருந்தீர்கள். வயரைப் பார்க்க வந்த நான் அங்கே நின்றேன். அதனால் இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

"கதவத் தெறந்து வச்சா மெஷினு போயிரும்னு ரேடியோ பாஸே சொல்றாரு" என்றான் ராமசாமி. அவனுக்கு மூன்று பிள்ளைகள். "வேற டீச்சரக் கேப்போம். கெவர்மெண்டு குடுக்காதா?"

"எந்த டீச்சரு இந்த மலைக்கு வந்துச்சு? சொல்லு, நீ பொறந்ததுல இருந்து எத்தன டீச்சரு வந்துச்சு?" என்றாள் ஒரு கிழவி.

"நா டீச்சரக் கொற சொல்லல. எம் புள்ளைங்களும் என்னைய மாதிரி முள்ளு குத்தி மண்ணக் கெளறணுமான்னு கேக்குறேன். மெஷினு போனா இன்னொன்னு எவன் தருவான்?"

அவன் கேட்டது நியாயம். மெஷின் வேண்டும் என்றால் கதவு வேண்டும், கதவு போட்டால் நீங்கள் இல்லை. நீங்கள் வேண்டும் என்றால் ஒரு மழைக்காலம், மிஞ்சினால் இரண்டு, அதோடு மெஷின் முடிந்தது. எல்லோருக்கும் அது விளங்கியது. எனக்கே பேச வாய் வரவில்லை, நம்புவீர்களா?

புஷ்பம் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. புருஷனைப் பார்த்து, "அலவாங்க எடுத்துக்கிட்டு வா" என்றாள். அவன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். கூட்டமும் போனது. நான் போட்ட புதுக்கதவு, கீல் மூன்று, பித்தளைக் கொண்டி, அதை அப்படியே சட்டத்திலிருந்து நெம்பிக் கழற்றினார்கள். ராமசாமி தள்ளி நின்று பார்த்தான். கதவு சாயும்போது யாராவது பிடிக்கவேண்டும். அவன்தான் ஓடிவந்து தோளைக் கொடுத்தான். "சும்மா தெறந்து வச்சா பழக்கத்துல யாராச்சும் சாத்திருவாங்க" என்றாள் புஷ்பம். "இல்லாட்டி சாத்த முடியாதுல்ல."

நீங்கள் அடுத்த கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டீர்கள், "கதவு எங்கை அண்ணை?"

"கறையான் டீச்சர். ஒரே ராத்திரியில தின்னுடுச்சு. இப்படி ஒரு கறையானை நான் என் சீவியத்துல பாத்ததில்ல. கீலைக்கூட விடல."

நீங்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டீர்கள். அரைவாசி என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "மெஷின் பழுதாப்போகும் அண்ணை. கதவைத் திரும்பப் போடச் சொல்லுங்கோ. நான் பழகிக்கொள்ளுவன்" என்றீர்கள். "சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.

அந்த அறைக்குள் நீங்கள் நடத்தின வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். பனி வாசலால் உள்ளே வந்து பிள்ளைகளுடைய முழங்காலில் உட்காரும். தட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை எழுத்துத் தெரியாமல் பாவாடை நுனியால் திரையைத் துடைக்கும். கம்பளியைப் போர்த்துக்கொண்டு பின்னால் நிற்கிற பிள்ளைகள் அடுத்த எழுத்தைக் கத்துவார்கள். மழைக்கு மாத்திரம் சாக்கு ஒன்றை வாசலில் தொங்கவிடுவார்கள், அதையும் பாதிக்கு மேல் இறக்கமாட்டார்கள். முதல் மெஷின் அந்த வருசமே போனது. மற்றது இன்னும் ஒரு மழையைத் தாங்கியது. கடைசி நாளில் திரை ஒரு கோடாகி, ஒரு புள்ளியாகி அணைந்தபோது ஒரு பிள்ளை பாவாடை நுனியால் அதைத் துடைத்துப் பார்த்தது. அதற்குப் பிறகு ராமசாமியின் பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார்கள். அநேகம் பேர் அப்படித்தான். இந்த இடத்தில் நான் ஏதாவது அழகாக இட்டுக்கட்டலாம். ஒருத்தி எஞ்சினியர் ஆனாள் என்று எழுதலாம். உங்களுக்கு எழுதும்போது அது வரமாட்டேன் என்கிறது.

பிறகு சமாதானம் என்றார்கள், வடக்குக்குப் பாதை திறந்தது. கிளிநொச்சியில் அம்மா தனியாக இருக்கிறா, போய்ப் பார்க்கவேண்டும், அங்கேயும் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்புத் தொடங்கலாம் என்று புறப்பட்டீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உங்களுக்கு இடம் பிடித்தது நான். "போட்டு வாறன் அண்ணை" என்றீர்கள். கொஞ்ச காலம் போன் வந்தது. பாதை மூடினதும் அதுவும் நின்றது.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்த உங்கள் சித்தி மகள் ஒருத்தி விலாசம் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கமலா கொடுத்த தேத்தண்ணியை அவள் தொடவில்லை. "செல் குண்டு வரேக்கை எல்லாரும் பங்கர்க் குழிக்குள்ளை இறங்குவம்" என்றாள். "அக்கா மட்டும் வரமாட்டா. எவ்வளவோ கெஞ்சினம். தன்னாலை உள்ளுக்கை இருக்கேலாது எண்டு சொல்லுவா. வாசல்லை குந்திக்கொண்டு எங்களோடை கதைச்சுக்கொண்டிருப்பா. அண்டைக்கும் அப்பிடித்தான், கதைச்சுக்கொண்டுதான் இருந்தவ." அதற்கு மேல் அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

தோட்டத்தில் நான் இதைச் சொல்லவில்லை டீச்சர். புஷ்பத்திடம் சொல்ல முடியவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தால் என் கடைக்கு வராமல் போகமாட்டாள். முதல்முறை "டீச்சர் தப்பிச்சாங்களா அண்ணே?" என்று அவள் கேட்டபோது, என் வாய் தன் பாட்டில், "கனடாவுல இருக்காங்க" என்றது. அதிலிருந்து உங்களை நான் வளர்த்துவருகிறேன். உங்களுக்கு அங்கே பெரிய வேலை. மாடி வீடு. பனியில் ஓட்டுகிற கார். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறீர்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு, பேர் கூப்பிட்டுத்தான். எல்லோரையும் விசாரிக்கிறீர்கள், ராமசாமியைக்கூட. கமலா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த ஒரு கதையில் மட்டும் அவள் குறுக்கே பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் வந்தாள். தலை நரைத்துவிட்டது, இருமல் இருக்கிறது. கனடாவில் இப்போது முழங்கால் வரைக்கும் பனி என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அவ்வளவு குளிருல... இப்பயாச்சும் டீச்சரு கதவ மூடிட்டுப் படுக்குறாங்களா?"

நான் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்தேன்.

"மூடிட்டுத்தான் படுக்குறாங்க" என்றேன். "உள்பக்கம் கொண்டியும் போட்டுக்கிட்டு. நல்லாத் தூங்குறாங்களாம்."

புஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்ணே" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.